நடுப்புள்ளி கறுப்பாக இல்லை, சார்

முதலாண்டில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

அரசு கலைக் கல்லூரிகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது உங்களுக்கு அட்மிஷன் முடிந்து, ஐடி கார்டு கழுத்தில் ஏறியிருக்கும். எந்தப் பேப்பர் கஷ்டம், எந்த சார் இன்டர்னலில் தாராளம், எந்த ஜெராக்ஸ் கடையில் கொஸ்டின் பேங்க் கிடைக்கும் என்பதையெல்லாம் சீனியர்கள் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள்; கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லாமல் விடுவதை நான் சொல்ல வந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் உங்களுக்கு ஒன்றை நன்றாகப் பழக்கி அனுப்பியிருக்கிறது. கேள்வி எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு, அதற்கான விடையைப் பிசகில்லாமல் எழுதிக் கொடுப்பது. புக் பேக் கேள்வி, ஒரு மார்க், மூணு மார்க், அஞ்சு மார்க் என்று பிளஸ் டூ முழுக்க அதைத்தான் செய்தீர்கள். அந்தத் திறமைதான் உங்களுக்கு சீட் வாங்கிக் கொடுத்தது. அதே பழக்கத்தை வைத்துக்கொண்டு இங்கேயும் மூன்று வருடத்தை ஓட்டிவிட முடியும், பட்டமும் வந்துவிடும். ஆனால் படித்த பாடம் உங்களுக்குச் சொந்தமாகாது. எனக்குக் கவலை அதில்தான்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுமைக்கும் அது 28.4. என் வகுப்புகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர், அவர்கள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நடவுக்கும் கட்டட வேலைக்கும் போகிற அம்மாக்கள் அனுப்பிவைத்த பிள்ளைகள். இத்தனை பேரை உள்ளே கொண்டுவரத் தமிழ்நாடு நூறு வருடமாகப் பாடுபட்டிருக்கிறது. உள்ளே வந்தபிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

1. “இது எக்ஸாம்ல வருமா சார்?” என்பதைப் பாடம் முடிந்த பிறகு கேளுங்கள்.

கேட்பது தப்பில்லை. மார்க் வேண்டும், அதை மறுப்பவன் நானில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு பாடத்துக்குள் நுழைந்தால், காது தானாகவே பாதியை வடிகட்டி வெளியே தள்ளிவிடும். ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெரன்ஸ் மார்ட்டன், ரோஜர் சேல்யோ என்ற இருவர் 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்து, படித்து முடித்ததும் கேள்வி கேட்போம் என்றார்கள். சிலர், எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடிப் படித்தார்கள். வேறு சிலர், என்ன கேட்பார்களோ என்ற நினைப்பிலேயே தகவல்களை மனத்தில் ஏற்றப் பார்த்தார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்குக் கட்டுரையின் சாரம் பிடிபடவில்லை. அவர்கள் அதைத் தேடவே இல்லை என்பதுதான் காரணம்.

அந்த ஆய்வின் இன்னொரு பகுதியை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். எப்படிப்பட்ட கேள்வி வரும் என்று எதிர்பார்க்கிறார்களோ, அதற்குத் தக்கபடி மாணவர்கள் படிக்கும் விதமும் மாறியது. ஆக, மேலோட்டமாகப் படிப்பது யாருடைய பிறவிக் குணமும் இல்லை. “நான் சுமார்தான் சார், எனக்கு மனப்பாடம்தான் வரும்” என்று தலைகுனிந்து சொன்ன எத்தனையோ பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். கேள்வித்தாள் உங்களை அப்படிப் பழக்கியிருக்கிறது, அவ்வளவுதான். வேறு கேள்வியை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொண்டால், அதே மூளை வேறு விதமாக வேலை செய்யும். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் நோட்டின் ஓரத்தில் ஒரே வரி எழுதுங்கள்: இன்றைக்கு இவர் எதை நமக்கு விளங்கவைக்கப் பார்த்தார்? அந்த ஒரு வரி எழுத வந்துவிட்டால், டூ மார்க் விடை அதிலிருந்து தானாக வரும்.

2. புத்தகத்தை மூடிவைத்துப் படியுங்கள்.

மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் முழுக்கக் கோடு போடுவதும், அதே பக்கத்தை நாலு முறை வாசிப்பதும் படிப்பது போலவே இருக்கும். நாலாவது முறை கண் பழகிவிடுவதால் எல்லாம் தெரிந்த மாதிரித் தோன்றும். தேர்வு அறைக்குள் போனால் ஒன்றும் வராது. “நேத்து ராத்திரி நல்லாத்தான் படிச்சேன், ஹால்ல மறந்துபோச்சு” என்று சொல்வீர்கள்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2006-ல் எழுதினார்கள். ஒரு பகுதியினர் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை படித்துவிட்டு, பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை படித்தவர்களே சற்று முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. விடிய விடியப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த முறை பலனளிப்பதாகத் தோன்றுவது ஏன், அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தின் தொடர்ச்சி வரும்போது ஒன்றும் நினைவில் இல்லாமல் போவது ஏன், இரண்டுக்கும் இதில் விடை இருக்கிறது.

செலவே இல்லாத வழி இது. படித்ததும் மூடுங்கள். பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில், நினைவிலிருந்து எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே மட்டும் புத்தகத்தைத் திறங்கள். மூன்று நாள் விட்டு இன்னொரு முறை செய்யுங்கள். எழுத வராமல் முழிக்கும் அந்த நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். படிப்பு உள்ளே இறங்குவது அந்த நேரத்தில்தான்.

3. லேபில் கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு மாணவன் படிப்பை எப்படிப் பார்க்கிறான் என்பது, வகுப்பறையைவிட ஆய்வுக்கூடத்தில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

நியூட்டன் வளையங்கள் என்று ஒரு சோதனை, இரண்டாமாண்டு வாக்கில் செய்வீர்கள். சமதளக் கண்ணாடித் தட்டின் மேல், ஒரு பக்கம் லேசாக வளைந்த வில்லையை வைப்போம். மேலிருந்து சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் விழும். டிராவலிங் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தால், ஒன்றைச் சுற்றி ஒன்றாகக் கறுப்பும் மஞ்சளுமாக வளையங்கள் தெரியும். வில்லையும் தட்டும் தொடுகிற நடுப்புள்ளி கறுப்பாக இருக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும், படமும் அப்படித்தான்.

ஒரு வருடம் ஒரு பெண் கையைத் தூக்கி, “நடுப்புள்ளி கறுப்பாக இல்லை, சார். வெளிச்சமா இருக்கு” என்றாள். அவளுக்கு முன்பே அதே மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் எல்லோருமே அப்சர்வேஷன் நோட்டில் ‘நடுப்புள்ளி கறுப்பு’ என்று எழுதிவிட்டிருந்தார்கள். அவர்களும் பார்த்தது வெளிச்சமான புள்ளியைத்தான். புத்தகத்தில் கறுப்பு என்று இருந்ததால், தங்கள் கண்ணைவிடப் புத்தகத்தை நம்பினார்கள்.

வில்லையை எடுத்து மெல்லிய துணியால் துடைத்து, தட்டையும் துடைத்து, மறுபடி வைக்கச் சொன்னேன். புள்ளி கறுத்தது. வில்லைக்கும் தட்டுக்கும் நடுவே தூசி உட்கார்ந்திருந்தது. சோடியம் வெளிச்சத்தின் அலைநீளம் ஏறக்குறைய 5893 ஆங்ஸ்ட்ராம். வில்லை அதில் நாலில் ஒரு பங்கு உயரம் தூக்கி நின்றாலே போதும், நடுவில் இருட்டுக்குப் பதில் வெளிச்சம் வந்துவிடும். தலைமுடித் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு அது. அந்த அளவு நுணுக்கமான ஒன்றை, விலை மலிவான ஒரு வில்லையும் ஒரு கண்ணாடித் தட்டும் நமக்குக் காட்டிக்கொடுத்துவிட்டன. பேட்ச் முழுக்க மைக்ராஸ்கோப்பைச் சுற்றி வந்து நின்றது.

அப்போது ஒரு பையன் கேட்டான்: “அப்படின்னா தூசியோட எடுத்த ரீடிங் எல்லாம் வேஸ்ட்டா சார்?” இல்லை. இந்தச் சோதனையில் ஒரு வளையத்தின் விட்டத்தை மட்டும் வைத்து நாம் கணக்குப் போடுவதில்லை. இத்தனையாவது வளையம், அதற்கு அப்பால் இத்தனையாவது வளையம் என்று இரண்டின் விட்டங்களை அளந்து, அவற்றின் வர்க்கங்களைக் கழிக்கிறோம். தூசி தூக்கிய உயரம் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால், கழிக்கும்போது அடிபட்டுப் போய்விடும். சூத்திரம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது அந்த பேட்ச்சுக்கு அன்றைக்கு விளங்கியது. அதுவரை அது மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு வரி மட்டும்தான். ஒரு பெண் தான் கண்டதைத் தயங்காமல் சொன்னதால் கிடைத்தது இவ்வளவும்.

ரீடிங் வரவில்லை என்றால், டேபிள் வேல்யூவிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு ரீடிங்கை ‘வரவழைக்கும்’ பழக்கம் ஒன்று உண்டு. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்துக் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதுவதும் உண்டு. ஒரு மைக்ராஸ்கோப்புக்கு ஆறு பேர் நிற்கிற லேபும், வேல்யூ சரியாக வந்தால்தான் மார்க் என்கிற முறையும் உங்களை அந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள். தப்பான வேல்யூ வந்தால், அதை அப்படியே எழுதி, ஏன் வந்திருக்கலாம் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். மைக்ராஸ்கோப்பின் திருகை ஒரே திசையில் சுற்றினேனா, நடுவில் பின்னால் திருப்பினேனா என்று யோசித்துப் பாருங்கள். பாதிப் பிழை அங்கேதான் இருக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த இரண்டு வரியைப் பார்த்தால், ஒழுங்கான எந்த ஆசிரியரும் மார்க்கைக் குறைக்க மாட்டார். குறைத்தாலும் பரவாயில்லை என்றே சொல்வேன். தான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதிப் பழகிய கை, நாளைக்கு ஆஸ்பத்திரி லேபிலோ பாலம் கட்டுகிற இடத்திலோ இருந்தால் என்ன ஆகும்?

4. தமிழில் புரிந்துகொள்வதற்கு வெட்கப்படாதீர்கள்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் முதல் மாதத்தில் பின்பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். அறிவு குறைந்ததால் இல்லை. பிளஸ் ஒன்னில் நிலைமத் திருப்புத்திறன் என்று கணக்குப் போட்டுத் தள்ளிய பிள்ளை, இங்கே மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா என்று கேட்டதும் ஏதோ புதுப்பாடம் என்று மிரண்டு போகிறாள். நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கு ஒதுக்குங்கள்: இடப்பக்கம் பள்ளியில் படித்த சொல், வலப்பக்கம் இங்கே சொல்கிற சொல். ஒரு செமஸ்டருக்குள் அந்த மிரட்சி போய்விடும்.

பாடத்தைத் தோழியிடம் தமிழில் விளக்குங்கள். விளக்க முடிந்தால் புரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் நாலு பக்கம் ஒப்பிக்க முடிந்து, தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை என்றால் புரியவில்லை. அதன் பிறகு ஆங்கிலத்தையும் விடாதீர்கள். தினமும் ஒரே ஒரு பத்தி, கைடிலிருந்து இல்லாமல் மூலப் பாடநூலிலிருந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இயற்பியல் என்றால், ஃபைன்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1961 முதல் 1963 வரை கால்டெக் மாணவர்களுக்கு நடத்திய விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. முதல் மாதம் ஒரு பத்திக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

5. தெரியாது என்று சொல்லப் பழகுங்கள்.

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையருக்கு அப்போது 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்காகப் பாடம் கேட்டவர். ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று இவர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று கேட்டார். இவர் படித்ததில்லை. அந்நாளில் அவை எளிதில் கைக்குக் கிடைப்பதில்லை.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் இந்த இடத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். சாமிநாதையர் சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அது சமண நூல். அவர் கற்ற சைவ நூல்களின் அறிவு அங்கே போதவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் போய் உட்கார்ந்து, மாணவனைப் போலச் சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதற்குப் பின்னால்தான் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அவர் கையால் வந்தன.

வகுப்பில் சந்தேகம் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. சிரிக்கிறவர்களில் பாதிப்பேருக்கும் அதே சந்தேகம் இருக்கும். எழுந்து கேட்கத் தைரியம் வரவில்லை என்றால், வகுப்பு முடிந்து வராந்தாவில் கூடவே நடந்து வந்து கேளுங்கள். “ஒண்ணுமே புரியல சார்” என்று கேட்காதீர்கள். அதற்கு எந்த ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது. “மூணாவது வரி வரைக்கும் புரியுது, நாலாவது வரியில் இந்த மைனஸ் எப்படி வந்துச்சு?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற மாணவரை ஆசிரியர் நான்கு வருடம் கழித்தும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

எரிந்து விழுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டு, பக்கத்து அறையில் இருப்பவரிடம் போங்கள். கேள்வியைக் கைவிடாதீர்கள்.

6. சிலபஸ் முடிகிற இடத்தில் நின்றுவிடாதீர்கள்.

1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சொமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 18 வயதுப் பையன் ஒருவன், அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தான். அணு அமைப்பைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை அவன் தானாகவே படித்து முடித்திருந்தான். அந்தப் பெருமையோடு போனவனிடம் சொமர்ஃபெல்ட், அந்தப் புத்தகம் எழுதியபின் எல்லாமே மாறிவிட்டது என்றார். ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், ஃபெர்மி, டிராக் என்று புது இயற்பியலையே எடுத்துச் சொன்னார். அவன் அரும்பாடுபட்டுப் படித்தது அதற்குள் பழையதாகிவிட்டிருந்தது. ஆனால் அவர் அவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்களைப் பற்றித் தான் எழுதி, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் பிரதியைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு படித்தவன், மறுவருடமே ராயல் சொசைட்டியின் இதழில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டான். அவர்தான் சுப்ரமணியன் சந்திரசேகர். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர்.

உங்கள் சிலபஸும் சில வருடம் பின்தங்கித்தான் இருக்கும். உலகத்தில் எல்லா சிலபஸும் அப்படித்தான். ஒவ்வொரு பேப்பரிலும் ஒரே ஒரு தலைப்பை எடுத்து, அது இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று தேடிப் பாருங்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் இலவசம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மற்ற மாவட்டங்களில் மாவட்ட மைய நூலகம் உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்னால், உங்கள் கல்லூரி நூலகத்திலேயே பூட்டிய பீரோக்களில் அருமையான புத்தகங்கள் தூங்குகின்றன. திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

7. அரியர் விழுந்தால் அடுத்த முறையே எழுதி முடியுங்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகள் இராமானுஜனின் பெயரைச் சொல்வார்கள். அவரே ஃபெயில் ஆனவர்தானே என்று. உண்மைதான். கணக்கைத் தவிர வேறு எதையும் கவனிக்காததால், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அந்நாளைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஆனால் அதற்குப் பின் அவர் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலையில்லாமல், அடுத்த வேளைக்கு வழியில்லாமல், நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆள் ஆளாகப் பார்த்துத் திரிந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை கிடைத்தது. மறுவருடம்தான் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், சென்னைப் பல்கலைக்கழகமும் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. ஃபெயிலானது அவருக்கு உதவவில்லை; அவரைக் கிட்டத்தட்ட அழித்தே விட்டது. அப்போதும் நோட்டுப் புத்தகத்தை அவர் கீழே வைக்கவில்லை. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

அரியர் அவமானம் இல்லை. சேர்ந்துகொண்டே போனால்தான் ஆபத்து. ஆறு மாதத்துக்குள் எழுதினால் பாதி நினைவிருக்கும். இறுதியாண்டு வரை தள்ளிப்போட்டால், பிளேஸ்மெண்ட் நேரத்தில் ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது’ என்ற ஒரு வரி உங்களை வாசலிலேயே நிறுத்திவிடும். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்க வழி இருந்தால், பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். எங்கே விட்டோம் என்று தெரியாமல் அதே மாதிரி மறுபடி எழுதிப் பயனில்லை.

8. அசைன்மெண்டை முதலில் நீங்கள் எழுதுங்கள்.

சாட்ஜிபிடியை எடுக்காதே என்று சொல்லமாட்டேன். முதலில் சொந்தமாக ஒரு பக்கம் எழுதிவிட்டு, இதில் என்ன தப்பு என்று அதனிடம் கேளுங்கள். அது சொல்வதைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுசாக அதையே எழுதச் சொல்லி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், இரண்டாவது அறிவுரையில் சொன்ன அந்த முழிக்கும் நேரத்தை நீங்களே தூக்கிப் போடுகிறீர்கள்.

9. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங், ராத்திரி டெலிவரி, விடியற்காலையில் பேப்பர் போடுவது, வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது என்று இருக்கிற பிள்ளைகள் உங்களில் உண்டு. வகுப்பில் நீங்கள் தூங்கி விழுவதைப் பார்த்து, அக்கறையில்லாத மாணவன் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக வருந்த வேண்டாம். உங்களுக்கு வீட்டில் படிக்க நேரமில்லை. ஆகவே மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் வகுப்பு நேரம் அதிகம் தேவை. முதல் இரண்டு பெஞ்சுகளில் உட்காருங்கள். பஸ்ஸில் வரும் முக்கால் மணி நேரம், நேற்றைய பாடத்தை நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கப் போதும்; அதற்கு நோட்டு கூட வேண்டாம். 75 சதவீத அட்டண்டன்ஸ் குறையப் போகிறது என்று தெரிந்தால், குறைவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். கண்டோனேஷனுக்குப் பணம் கட்டும் நாளில் போய் அழுவதைவிட அது நல்லது.

அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அந்தப் பணம் வீட்டுச் செலவுக்குப் போவதில் ஒரு தப்பும் இல்லை. செமஸ்டருக்கு ஒரு முறை, அதில் ஒரு நல்ல பாடநூல் மட்டும் உங்கள் பெயரெழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

10. உங்களுக்கென்று ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று இரு பேராசிரியர்கள் இருந்தார்கள். வாசலில் போடுகிற கோலத்தைப் பார்த்து, இந்தப் புள்ளிகளும் வளைவுகளும் எந்த விதியில் வளர்கின்றன என்று கேட்டார்கள். கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து அவர்கள் 1974-ல் வெளியிட்ட கட்டுரை, கோலத்தை இலக்கணம் போன்ற விதிகளால் உருவாக்கிக் காட்டியது. கணிப்பொறி அறிவியலில் அது மதிப்புள்ள வேலையாக நின்றுவிட்டது. தெருவில் எல்லோரும் தினமும் தாண்டிப் போகிற ஒன்றிலிருந்துதான் அந்தக் கேள்வி பிறந்தது.

உங்கள் ஊரிலும் அப்படிக் கேள்விகள் கிடக்கின்றன. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீராக இருப்பது, தடவாவிட்டால் ஏன் புளித்துக் கள்ளாகிறது? பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்று உப்பாகவும் ஒன்று நல்ல தண்ணீராகவும் இருப்பது எப்படி? உங்கள் தாத்தா பத்திரத்தில் இருக்கும் நில அளவு, இன்றைக்கு அளந்தால் ஏன் வித்தியாசப்படுகிறது? வேதியியலோ, தாவரவியலோ, வரலாறோ, பொருளாதாரமோ, எந்தத் துறையில் இருந்தாலும் ஒன்று அகப்படும்.

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதிவையுங்கள். ஒவ்வொரு பேப்பர் முடிந்ததும், இந்தப் பாடம் என் கேள்விக்கு எதையாவது தந்ததா என்று பார்த்து எழுதுங்கள். சில செமஸ்டரில் ஒன்றும் இருக்காது. பக்கத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அப்பாவிடம், பாட்டியிடம், கிணறு வெட்டுகிறவரிடம், பனையேறியிடம் கேட்டதையும் அதிலேயே எழுதுங்கள். கடைசி செமஸ்டரில் பிராஜெக்ட் தலைப்பு கேட்பார்கள். அப்போது மற்றவர்கள் ரெடிமேட் பிராஜெக்ட் விற்கிற கடைக்கு ஐயாயிரம் ரூபாயோடு போவார்கள். நீங்கள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பிராஜெக்ட் கைடான ஆசிரியரிடம் போங்கள். அவர் பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் உங்களிடம் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். பதில் தெரியாத கேள்விகளை அந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.